பெரம்பலூர் கரிசலில் அட்ரசின் எச்சம்: சின்ன வெங்காய வயலில் கரி கலந்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் ஒரே குடும்பத்தின் வயல்களில் மாறி மாறி வரும் பயிர்கள். இந்த ஆய்வில் வரும் வயல் 2 ஏக்கர் 40 சென்ட். ஆழமான கரிசல், சுண்ணாம்புக் கற்கள் கலந்தது. மண்ணின் அமில-கார அளவான பி.எச். 8.4, அங்ககக் கரிமம் 0.4 விழுக்காட்டுக்குக் கீழே. ஒரு கிணறு, சொட்டுநீர்க் குழாய் உண்டு. முந்தைய ஆண்டுகளில் பருத்தியும் வெங்காயமும் விளைந்த நிலம். மக்காச்சோளம் அந்த ஆண்டுதான் முதல் முறை. பின்னால் நடந்ததற்கு இந்தக் கடைசித் தகவலும் ஒரு காரணம்.

புரட்டாசி கடைசி வாரம் விதைத்தார்கள். மூன்றாம் நாள் அட்ரசின் என்னும் களைக்கொல்லி, 50 விழுக்காடு நனையும் தூளாக, ஏக்கருக்கு ஒரு கிலோ. அடுத்த வாரம் பெய்த மழையில் களை மறுபடி முளைக்கவே, இருபதாம் நாள் மேலும் அரைக் கிலோ. மக்காச்சோளத்துக்குப் பரிந்துரை எக்டேருக்கு 0.5 முதல் 1 கிலோ செயல்பொருள் (தூளில் களையைக் கொல்லும் பகுதி மட்டும்). 50 விழுக்காட்டுத் தூளாகக் கணக்கிட்டால் ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம். இங்கே இரண்டு முறையும் சேர்த்து 1,500 கிராம் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு மழை சரியாக இல்லை. தை முடிவில் கருது ஒடித்து, தட்டையை வெட்டி, நிலத்தை இரண்டு சால் உழுது, மாசி முதல் வாரம் 2 ஏக்கர் 40 சென்ட்டிலும் கோ 4 ரகச் சின்ன வெங்காயம் நட்டார்கள். ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் என்ற கணக்கில் சுமார் 1,450 கிலோ. கடைசி மருந்துக்கும் நடவுக்கும் இடையில் மூன்றரை மாதம்.

கண்ணில் பட்டது

முளைப்பில் குறை இல்லை. எட்டாம் நாள் வயல் முழுக்க ஒரே சீராகப் பச்சை காட்டியது. பதினெட்டாம் நாள் அளவில் கிழக்கு வரப்பை ஒட்டிய தாள்களின் நுனி மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வெளுத்து, மேலிருந்து கீழாகக் காய ஆரம்பித்தது. முதலில் முதிர்ந்த தாள்கள், பிறகு அடுத்தவை. நடுக்குருத்து கடைசிவரை பச்சையாக இருந்தது. இருபத்தைந்தாம் நாள் வரப்போரம் வெறிச்சோடிவிட்டது.

கடையில் திருகல் நோய் என்று சொல்லிப் பூஞ்சாணக்கொல்லி கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் பயன் இல்லை. திருகல் நோயில் தாள் முறுக்கிக்கொண்டு சுருளும், கழுத்து நீளும். இங்கே ஒரு தாள்கூட முறுக்கவில்லை. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் வெள்ளையாக, அடித்தட்டு கெட்டியாக இருந்தது. அடியழுகல் என்றால் வேர்த்தட்டு பழுப்பேறி, இழுத்ததும் கையோடு வந்துவிடும். இலைப்பேன் தாக்குதலில் தெரியும் வெள்ளிக் கோடுகளும் இல்லை.

இதைவிடத் துல்லியமாகப் பேசியது சேதத்தின் வடிவம். நோய் வட்டமாகவோ திட்டாகவோ பரவும், நேர்கோட்டில் நிற்காது. கிழக்கு வரப்போரம் சரியாக நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை செத்திருந்தது. மருந்து அடிப்பவர் திரும்பும் இடம் அது. பீச்சுவதை நிறுத்தாமல் திரும்பினால் அங்கே இரண்டு மடங்கு விழும். இரண்டாவது இடம் தென்மேற்கு மூலையில் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம். மூன்றாவது, கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளி, டேங்க் கலக்கிக் கழுவிய இடம். அங்கே கோரையைத் தவிர எதுவும் இல்லை.

மருந்து அடித்தவர் டேங்க் கணக்கில் கூலி வாங்குபவர். விசாரித்தபோது அவர் வாயிலிருந்து வந்த ஒரு வரி எல்லாவற்றையும் விளக்கிவிட்டது: “கடைசி டேங்க் மட்டும் பால் மாதிரி வெள்ளையா வந்துச்சுண்ணே.” அட்ரசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, லிட்டருக்கு 33 மில்லிகிராம் அளவுதான். நனையும் தூள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் பொடி. முதலில் ஒரு வாளியில் கூழாகக் கரைத்து, பிறகு கலக்கிக்கொண்டே அடிக்காவிட்டால் அடியில் படியும். இருநூறு லிட்டர் பீப்பாயில் ஒரே முறை கொட்டி, மேலிருந்து மொண்டு அடித்திருக்கிறார்கள். முதல் டேங்குகளில் நீர்த்த மருந்து, கடைசி டேங்கில் அடியில் படிந்த மொத்தக் கூழ். அந்தக் கடைசி டேங்க் முடிந்த இடம் கிழக்கு வரப்பு.

கயிறு போட்டு அளந்ததில், முழுச் சேதம் 22 சென்ட்: வரப்போரப் பட்டை 11, பள்ளம் 8, கலக்கிய இடம் 3. நுனி கருகியும் பிழைத்தது 90 சென்ட். மீதி 128 சென்ட்டில் பயிர் நன்றாகவே இருந்தது.

ஏன் இவ்வளவு நாள் தங்கியது

அட்ரசின் மண்ணில் பாதியாகக் குறைய இரண்டு மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அது ஈரமும் நுண்ணுயிரும் உள்ள மண்ணுக்கு. அமில மண்ணில் தண்ணீரோடு வினைபுரிந்து செடிக்கு நஞ்சில்லாத ஹைட்ராக்ஸி அட்ரசினாக மாறிவிடும். பி.எச். 7.5-க்கு மேலே அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். மீதமிருப்பது நுண்ணுயிர். ஆண்டுதோறும் இதே மருந்து விழும் மண்ணில் அதைத் தின்னப் பழகிய பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும், மருந்து வேகமாகச் சிதையும். இந்த நிலத்துக்கு இதுதான் முதல் அட்ரசின். மார்கழிக்குப் பிறகு மண்ணும் காய்ந்து கிடந்தது.

மக்காச்சோளமும் சோளமும் இந்த மருந்தைத் தங்கள் உடலுக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிடும். வெங்காயத்துக்கு அந்தத் திறன் இல்லை. மருந்து ஒளிச்சேர்க்கையைத்தான் அடைக்கிறது, முளைப்பைத் தடுப்பதில்லை. அதனால்தான் விதை வெங்காயத்தில் இருந்த சேமிப்பு தீரும்வரை செடி செழிப்பாகத் தெரிந்தது. முளைத்து, செழித்து, மூன்றாம் வாரத்தில் நுனியிலிருந்து காய்ந்தால் அட்ரசினை நினைக்க வேண்டும். முளையே வராமலோ வேர் தடித்துக் குட்டையாகவோ இருந்தால் வேறு வகை மருந்து.

மூன்று தொட்டிச் சோதனை

அனுமானத்தை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று செய்யப்பட்டது. பட்டை, பள்ளம், பாதிக்கப்படாத பகுதி ஒவ்வொன்றிலும் பத்து இடத்தில் மேல் 10 செ.மீ. மண் எடுத்துத் தனித்தனியாகக் கலந்து, ஒரு கிலோ கொள்ளும் தொட்டிகளில் நிரப்பினார்கள். ஒவ்வொரு மண்ணிலும் இரண்டு வகை: ஒன்று அப்படியே, மற்றொன்றில் கொட்டாங்குச்சியிலிருந்து செய்த கிளர்வூட்டிய கரித்தூள் 2 கிராம் கலந்தது. தண்ணீர் வடிகட்டிகளில் போடும் அதே கரிதான், மாவாக அரைத்தது. மூன்றாவதாக, எந்தக் களைக்கொல்லியும் படாத வரப்பு மண். தொட்டிக்குப் பத்து வெள்ளரி விதை. வெள்ளரி அட்ரசினுக்கு வெங்காயத்தைவிடச் சீக்கிரம் முகம் வாடும் பயிர், முடிவு மூன்று வாரத்தில் தெரியும்.

இந்தச் சோதனையில் வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. தொட்டியை நிழலில் வைப்பது முதல் பிழை. ஒளிச்சேர்க்கையை அடைக்கும் மருந்து வெயிலில்தான் தன்னைக் காட்டும். இரண்டாவது, அடியில் துளையுள்ள தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு மருந்தைக் கழுவி வெளியேற்றிவிடுவது. தட்டில் வடியும் தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும்.

பட்டை மண்ணில் 9 முளைத்தன. பன்னிரண்டாம் நாள் இலை ஓரம் மஞ்சள், இருபத்தொன்றாம் நாள் உயிரோடு இருந்தது 1. அதே மண்ணில் கரி கலந்த தொட்டியில் 9-ம் பச்சை. பள்ளத்து மண்ணில் முளைத்த 10-இல் 3 தேறின, கரி கலந்ததில் 10-ம். வரப்பு மண்ணிலும் பாதிக்கப்படாத பகுதி மண்ணிலும் வித்தியாசம் இல்லை.

கரி போட்டதும் செடி பிழைத்தது என்றால், குற்றவாளி கரியில் ஒட்டக்கூடிய ஓர் அங்கக வேதிப்பொருள். நோய்க்கிருமியோ உப்போ சத்துக் குறைவோ இரண்டு கிராம் கரியில் இப்படித் தெளியாது. பட்டை மண்ணின் ஒரே ஒரு மாதிரி ஆய்வகத்துக்குப் போனது. அட்ரசின் உறுதியானது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, எங்கே கரி போடுவது என்பதல்ல, எங்கே போடாமல் விடுவது என்பது. 240 சென்ட்டுக்கும் போடுவது வீண் வேலை. லேசாகப் பாதித்த 90 சென்ட்டில் இருந்த வெங்காயத்தைச் சித்திரையில் எடுத்துவிட்டு, அடுத்த பட்டத்தில் தீவனச் சோளம் விதைப்பது என முடிவானது. சோளம் அட்ரசினைத் தாங்கும், அறுபது நாள் பாசன ஈரத்தில் நுண்ணுயிர் தன் வேலையைச் செய்யும், மாட்டுக்குத் தட்டையும் கிடைக்கும். பெரும்பாலான வயல்களுக்கு இதுவே போதும். கரியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஏக்கர் கணக்கில் கொட்ட நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்கலாம்.

முழுச் சேதமான பட்டைக்கும் பள்ளத்துக்கும் மட்டும் கரி. பட்டையில் ஒரு சென்ட் ஒப்பீட்டுக்காக வெறுமனே விடப்பட்டது. விவசாயிக்கு அதில் விருப்பம் இல்லை. அது இல்லாமல் போயிருந்தால் கீழே வரும் பாதி எண்களுக்குப் பொருளே இருந்திருக்காது.

கலக்கிய இடமான 3 சென்ட் பயிரிலிருந்தே நீக்கப்பட்டது. அங்கே எவ்வளவு சிந்தியது என்று யாருக்கும் தெரியாது, கிணறும் பக்கம். அட்ரசின் மண்ணில் இறுகப் பிடிக்காமல் தண்ணீரோடு கீழே இறங்கும் மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கைவிட்டதற்கு நிலத்தடி நீரில் அது திரும்பத் திரும்பத் தென்பட்டதே காரணம். இந்த இடத்தில் விலை பார்க்காமல் கிளர்வூட்டிய கரியே வாங்கினார்கள். சிந்திய மருந்துக்கான வழக்கமான கணக்கு, செயல்பொருள் ஒரு பங்குக்குக் கரி 100 முதல் 200 பங்கு. கால் கிலோ செயல்பொருள் சிந்தியதாக வைத்துக்கொண்டு 50 கிலோ, தண்ணீரில் கரைத்துப் பூவாளியால் ஊற்றிக் கொத்திவிட்டார்கள்.

மீதி 18 சென்ட்டுக்கு எந்தக் கரி? அரிசி ஆலைச் சாம்பல் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் கொதிகலனில் காற்றோட்டத்தோடு எரிந்த உமியில் கரி மிஞ்சுவது கொஞ்சம்தான், மீதி மணல்போன்ற சிலிக்கா. சாம்பல் நிறமாக இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. சீமைக்கருவேலக் கரித்தூள் மூட்டையாக வாங்கலாம். கரிமூட்டத்தில் மெதுவாக வேகும் கரியில் தார் மிச்சம் இருக்கும், துளைகள் முழுதாகத் திறந்திருக்காது. வீட்டுக் களத்தில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை ஒரு டன் கிடந்தது. அக்கம்பக்கத்துக் களத்துக் கட்டையும் பருத்திமாரும் சேர்த்து மூன்றரை டன் தேறியது. அதைச் சுடுவது என்று முடிவு.

அளவைத் தொட்டியில் பார்த்தே தீர்மானித்தார்கள். முதலில் நன்றாகத் தேறிய கரியைப் பட்டை மண்ணில் கிலோவுக்கு 2.5, 5, 10 கிராம் எனக் கலந்தபோது, 2.5-இல் இலை ஓரம் இன்னும் மஞ்சளித்தது, 5-இல் இல்லை. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் மேல் 10 செ.மீ. மண் ஏறக்குறைய 130 கிலோ. அதற்கு அரை விழுக்காடு என்றால் 650 கிராம். தொட்டியில் கையால் பிசைவது போல ரோட்டவேட்டர் பிசையாது. ஆகவே ஒன்றரை மடங்காக, சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. ஒரு சென்ட் நாற்பது சதுர மீட்டர், ஆக சென்ட்டுக்கு 40 கிலோ உலர் கரி. மொத்தம் 720 கிலோ.

கரி சுட்டது

மேல் விட்டம் ஒன்றரை மீட்டர், அடி விட்டம் 60 செ.மீ., ஆழம் 75 செ.மீ. உள்ள கூம்புக் குழி. மேலே தீ திரைபோல எரிந்து காற்றைக் குடித்துவிடும், கீழே இருக்கும் தணல் காற்று கிடைக்காமல் கரியாகவே நிற்கும் என்பது இதன் கொள்கை. குச்சி, மட்டை போட்டு மேலிருந்து பற்றவைத்து, தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் லேசாகப் பூக்கும்போது அடுத்த அடுக்கு. சாம்பல் கனமாகும்வரை காத்திருந்தால் கரி எரிந்து போகும், பூக்கும் முன் போட்டால் புகையும். அந்தப் பதம் பிடிபட இரண்டு சூளை ஆனது. நிரம்ப இரண்டு மணி நேரம். பிறகு 300 லிட்டர் தண்ணீரில் அணைத்தார்கள்.

முதல் சூளை பாழ். களத்தின் அடியில் கிடந்த கட்டை மேலே காய்ந்தும் நெட்டியில் ஈரமாகவும் இருந்தது. மஞ்சள் புகை கிளம்பியது. அணைத்தபின் கட்டையை ஒடித்தால் நடுவே பழுப்பு, மூக்கில் தார் வாடை. நல்ல கரி ஒடிக்கும்போது கண்ணாடிச் சத்தம் கேட்கும், கையில் தேய்த்த கருப்பு வெறும் தண்ணீரில் போய்விடும். சோப்பு தேவைப்பட்டால் அது தார். அந்தச் சூளையை மறுபடி சுட்டார்கள். நான்காம் சூளையில் தண்ணீர் இருநூறு லிட்டரோடு நிறுத்தப்பட்டது. மேலே கை வைத்தால் குளிர்ச்சி. இரவில் அடியிலிருந்து கனன்று, விடியும்போது குழியில் பாதி சாம்பல். அதற்குப் பிறகு அணைத்த கரியைக் கிளறி, ஆவி வராத வரை ஊற்றி, இரவில் பரப்பியே வைத்தார்கள்.

பத்துச் சூளையில் கிடைத்தது உலர் கணக்கில் சுமார் 740 கிலோ. இரண்டு ஆள், சூளைக்கு அரை நாள்.

கரியை நொறுக்குவதுதான் யாரும் கணக்கில் வைக்காத வேலை. சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒரு பருவத்துக்குள் தன் மேல்தோலில் மட்டுமே மருந்தைப் பிடிக்கும், உட்துளைகளுக்குள் மருந்து ஊடுருவக் காலம் பிடிக்கும். ஈரக் கரியைக் கெட்டித் தார்ப்பாய்க்குள் மடித்து டிராக்டரை ஏற்றி இறக்கி, 3 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தார்கள். காய்ந்த கரியை இப்படிச் செய்தால் தூள் நுரையீரலுக்குப் போகும். நனைந்திருந்தாலும் முகக்கவசம் கட்டினார்கள்.

கரியோடு வரும் சாம்பல் காரமானது. ஏற்கனவே 8.4 இருக்கும் கரிசலில் அது துத்தநாகத்தையும் இரும்பையும் மேலும் பூட்டும். கோணியில் போட்டு இரண்டு முறை தண்ணீர் ஊற்றி வடித்தபோது கரிக் கரைசலின் பி.எச். 9.9-இலிருந்து 9.1-க்கு இறங்கியது. அமில மண்ணாக இருந்தால் இந்தக் கழுவல் தேவையில்லை.

கரியைத் தொழுஉரத்தோடோ மாட்டுக் கோமியத்தோடோ ஊறவைத்துப் போடு என்பது இப்போது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. மண்வளத்துக்குப் போடும் கரிக்கு அது சரி. இங்கே அப்படிச் செய்யக் கூடாது. தொழுஉரச் சாறு துளைகளை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் அட்ரசினுக்கு இடம் இருக்காது. கரி வெறுமையாக மண்ணுக்குப் போய், ஒரு மாதம் மருந்தைப் பிடித்த பிறகே தொழுஉரம் இடப்பட்டது.

மண்ணில் கலந்தது

வைகாசி முதல் வாரம், காற்றில்லாத காலை. ஈரக் கரியை எடை போடும்போது ஏமாறக் கூடாது. ஒரு கிலோ ஈரக் கரியைக் காயவைத்தபோது நின்றது 640 கிராம். ஆக சென்ட்டுக்கு 40 கிலோ உலர் கரி வேண்டுமென்றால் ஈரமாக 62.5 கிலோ. சென்ட் சென்டாகக் கயிறு கட்டி, கூடையில் எடை போட்டு, கையால் தூவி, ரோட்டவேட்டர் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை, 10 முதல் 12 செ.மீ. ஆழத்துக்கு. மண்ணைக் கீழ்மேலாகப் புரட்டும் கலப்பையால் உழுதால் கரி ஓர் அடுக்காக அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பட்டையில் மண் பதமாக இருந்தது, மாவு போலக் கலந்தது. பள்ளத்தில் முந்தின இரவு கோடைமழை. இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். டிராக்டர் வாடகைக்கு வந்து நின்றதால் ஓட்டிவிட்டார்கள். ஈரக் கரிசல் கட்டி கட்டியாகப் புரண்டது. ஒரு கட்டியை உடைத்தால் வெளியே கருப்புப் பூச்சு, உள்ளே கரி படாத பழைய மண். காய்ந்ததும் அவை செங்கல் ஆயின. பதினைந்து நாள் கழித்துத் தண்ணீர் கட்டி, பதம் வந்ததும் மீண்டும் ஓட்டியும் முழுதாகச் சீராகவில்லை.

கலந்த பிறகு முப்பது நாள் மண் காயாமல் ஈரம் கொடுத்தார்கள். அட்ரசின் கரியை நோக்கி நகர்வது தண்ணீர் வழியாகத்தான். காய்ந்த மண்ணில் கரியும் மருந்தும் அடுத்தடுத்து இருந்தும் சந்திக்காது.

விளைவு

ஆனி தொடக்கத்தில் மறுபடி வெள்ளரிச் சோதனை. பட்டையில் கரி கலந்த மண்ணில் பத்தும் பச்சை. கரி போடாத ஒப்பீட்டுச் சென்ட்டில் பத்தில் ஐந்து தேறின. முதல் சோதனையில் பட்டை மண்ணில் ஒன்றுதான் தேறியது. அதாவது காலமும் ஈரமும் தங்கள் பங்கைச் செய்திருந்தன. பள்ளத்தில் முடிவு சீராக இல்லை: ஒரு தொட்டியில் ஒன்பது, அடுத்த தொட்டியில் ஆறு.

ஆனி இரண்டாம் வாரம் நட்டு, ஆவணியில் எடுத்த வெங்காயத்தின் எடை சென்ட்டுக்கு: கரி கலந்த பட்டை 52 கிலோ, பள்ளம் 38, கரி போடாத ஒப்பீட்டுச் சென்ட் 29, முதலிலிருந்தே பாதிக்கப்படாத பகுதி 58. கரியின் கணக்கில் சேரவேண்டியது 52-க்கும் 29-க்கும் உள்ள வித்தியாசம் மட்டும். மாசிப் பட்டத்தில் எதுவும் விளையாததோடு ஒப்பிட்டுக் கரியைப் புகழ்வது தவறு. ஒரே வயல், ஒரே ஒரு ஒப்பீட்டுச் சென்ட் என்பதையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எதிர்பார்த்திருக்க வேண்டியதை எதிர்பார்க்காத இடம் ஒன்று உண்டு. நட்ட மூன்றாம் நாள் வழக்கம்போல வயல் முழுக்கப் பெண்டிமெத்தலின் என்னும் களைக்கொல்லி அடித்தார்கள். கரி போடாத இடங்களில் களை அடங்கியது. பட்டையிலும் பள்ளத்திலும் இருபதாம் நாள் சாரணை பாய் விரித்திருந்தது. கரிக்கு மருந்து பேதம் தெரியாது. அட்ரசினைப் பிடித்த அதே துளைகள் பெண்டிமெத்தலினையும் பிடித்துக்கொண்டன. அந்த 18 சென்ட்டுக்குக் கைக்களை இரண்டு முறை கூடுதல். அந்த மண்ணில் முளைக்குமுன் அடிக்கும் எந்தக் களைக்கொல்லியையும் இனிச் சில பருவங்களுக்கு நம்ப முடியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

விவசாயி கேட்ட ஒரு கேள்வி பலருக்கும் எழும்: “மண்ணு சுத்தமாயிருச்சுன்னு ஆய்வகத்துல ஒரு சீட்டு வாங்கிடலாமாங்க?” வாங்கினாலும் அது குழப்பும். ஆய்வகம் கரைப்பானால் மண்ணைப் பிழிந்து எடுக்கிறது. கரியில் ஒட்டியிருப்பதில் ஒரு பகுதியும் அதில் வந்துவிடும். செடி பச்சையாக நிற்கும், சீட்டில் எண் பெரிதாகக் குறைந்திருக்காது. இரண்டும் உண்மைதான். கரி மருந்தை அழிப்பதில்லை, வேரின் தண்ணீருக்கு வராமல் கட்டிவைக்கிறது. கட்டுண்ட மருந்து நுண்ணுயிருக்கும் எளிதில் எட்டாது, ஆகவே மண்ணில் அதன் மொத்த ஆயுள் சற்று நீளவும் கூடும். உணவுப் பயிருக்கும் கிணற்றுக்கும் போகாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

கரிப் பட்டையில் நாற்பதாம் நாள் இளந்தாள்கள் வெளிறின. அட்ரசின் முதிர்ந்த தாளில் தொடங்கும், இது குருத்தில் தொடங்கியது. துத்தநாக சல்பேட் 0.5 விழுக்காடு இலைவழியாக இரண்டு முறை தெளித்ததும் தெளிந்தது. கழுவியும் மிஞ்சிய சாம்பலின் வேலை.

அடுத்த முறை மாற்றுபவை

மக்காச்சோளத்துக்குப் பின் வெங்காயம் நடத் திட்டம் இருந்தால், அட்ரசினை ஒரே முறை, பரிந்துரையின் கீழ் எல்லையில். இரண்டாம் களைக்குக் கைக்களை அல்லது இடைஉழவு. ஊடுபயிராகப் பயறு போடுவதாக இருந்தால் அட்ரசின் கூடாது என்று வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே சொல்கிறது. அடுத்த பயிருக்கும் அதே எச்சரிக்கையை நீட்டிக்கொள்ளலாம்.

தூளை டேங்க் டேங்காக எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது. ஏக்கருக்கு 400 கிராம், பன்னிரண்டு டேங்க் என்றால் டேங்குக்கு 33 கிராம். பீப்பாயில் மொத்தமாகக் கலக்கும் பழக்கம் நிற்க வேண்டும். மருந்து அடிப்பவருக்கு அந்த ஒரு நாள் மட்டும் டேங்க் கணக்கை விட்டு நாள் கூலி கொடுத்தால், திரும்பும்போது குழாயை மூட அவருக்கும் மனம் வரும்.

கலக்கிக் கழுவும் இடம் கிணற்றோரத்திலிருந்து வயலின் மறுகோடிக்கு மாறிவிட்டது. அங்கே சுவீடனில் 1990-களில் பரவிய உயிர்ப்படுகை முறையில் ஒரு குழி: இரண்டு பங்கு நறுக்கிய வைக்கோல், ஒரு பங்கு மட்கு, ஒரு பங்கு மேல்மண், அரை மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், அடியில் களிமண் மெத்தை, மேலே புல். சுவீடனில் பீட் என்னும் சதுப்புநில மட்கு கிடைத்தது, இங்கே தென்னைநார்க் கழிவு மட்கு. டேங்க் கழுவிய தண்ணீர் அதில் விழும், வைக்கோலை மட்கவைக்கும் பூஞ்சை அதைத் தின்னும். இந்தக் குழிக்குள் கரி போடவில்லை. கட்டிவைப்பது அங்கே வேலை இல்லை.

பள்ளத்தில் டிராக்டர் வந்து நின்றாலும் மண் பதம் வராமல் ஓட்டக் கூடாது. கரி போட்ட 18 சென்ட் இப்போது வரப்பில் நான்கு கல் நட்டுக் குறிக்கப்பட்டிருக்கிறது, களைக்கொல்லி அடிக்க வருபவர் அங்கே குழாயை மூடிக்கொள்ள. அடுத்த புரட்டாசியில் அந்த இடத்துக்கும் கலக்கிய 3 சென்ட்டுக்கும் வெள்ளரித் தொட்டி மறுபடி வைக்கப்படும். கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒன்றும் அப்போது ஆய்வகத்துக்குப் போகிறது.